ஆர் யூ ஷ்யூர்?

கம்ப்யூட்டர் நம்மிடம் கேட்கிற கேள்விகளிலேயே யாருமே படிக்காத கேள்வி எது தெரியுமா மக்களே? "ஆர் யூ ஷ்யூர்?" தான். அந்தப் பெட்டி திரையில் முழுசாக வந்து உட்காருவதற்குள் நம் கை ஓகேயை அமுக்கிவிட்டிருக்கும். நான் பார்த்தவரை, அதைப் படித்துவிட்டுக் கேன்சல் கொடுத்த ஆள் யாருமில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு மென்பொருள் தன் உண்மையான வேலையை மறந்துபோன கதை இது. ரிடையர் ஆக இரண்டே வருஷம் இருந்த ஒரு அம்மாவுக்கு அதனால் மெமோ போன கதையும் கூட. கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும். பொட்டி தட்டுகிற நண்பர்கள் என் விளக்கத்தில் நெளியலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில்தான் சொல்ல வரும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: அடியேன் வங்கி அதிகாரி. திருநெல்வேலிப் பக்கம் கிளைகளில் குப்பை கொட்டிவிட்டு 2014-ல் நவி மும்பை பேலாப்பூருக்கு மாற்றலாகி வந்தேன், அதுவும் ஐ.டி. துறைக்கு. "பி.காமுக்கு அங்கே என்னப்பா வேலை?" என்று ஊரில் இன்னமும் கேட்கிறார்கள். புரோகிராம் எழுதுவது வெளிக் கம்பெனி ஆட்கள். அது வங்கி வேலைக்குச் சரிப்படுமா என்று பார்த்துச் சொல்ல, கவுண்டரில் உட்கார்ந்த ஒருத்தன் வேண்டும். திரையில் வேண்டுமென்றே தப்புத் தப்பாக நிரப்பி, அது தடுக்கிறதா என்று பார்ப்பதுதான் என் தினசரி ஆணி. வயதில் மைனஸ் 5 போடுவேன். பெயரில் நம்பர் போடுவேன். ஒன்றுமே போடாமல் சேமி பொத்தானை அமுக்குவேன். வீட்டில் கேட்டால், "அது உங்களுக்குப் பிறவியிலேயே வரும்" என்கிறாள் மனைவி :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2017-ல் எங்கள் வங்கியில் ஒரு பெரிய வேலை நடந்தது. கிளைகளில் காகிதமாகக் கிடந்த பழைய நாமினேஷன் படிவங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. டெபாசிட்டுக்கு நாமினி போடுகிற அந்தப் படிவத்துக்கு அப்போது டி.ஏ. 1 என்று பெயர். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-ன் 45 இசட்.ஏ. பிரிவும், 1985-ல் வந்த நாமினேஷன் விதிகளும் அன்றைக்கு அதற்கு ஆதாரமாக இருந்தன. அதில் முக்கியமான ஒரு வரி உண்டு. நாமினி மைனராக இருந்தால், அந்தக் குழந்தை மேஜராவதற்குள் டெபாசிட்தாரர் இறந்துபோனால், குழந்தையின் சார்பில் பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு பெரியவரின் பெயரை எழுத வேண்டிய வரி.

அந்த வரி காலியாக இருந்தால் என்ன ஆகும்? கிளையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா போய்ச் சேர்ந்துவிடுவார். நாமினி ஒன்பது வயதுப் பெண். கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்க யாருக்கு உரிமை? அம்மாவா, சித்தப்பாவா? கோர்ட்டுக்குப் போய் கார்டியன் உத்தரவு வாங்கி வரணுமா? ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதத்தில் அந்தக் குடும்பம் எங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதற்கெல்லாம் பதில் தேடிக்கொண்டிருக்கும். ஒரு பெயரை எழுதியிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

ஆகவே எங்கள் திரையில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தோம். நாமினியின் வயது 18-க்குக் கீழே இருந்தால் அது கட்டாயம். காலியாக விட்டால் சேமிக்க விடாது. அதாவது, விடக் கூடாது.

ஒடிசாவில் உள்ளடங்கிய ஒரு கிளையில் இன்டர்னல் ஆடிட் நடந்தபோது பிடித்துவிட்டார்கள். மைனர் நாமினி, ஆனால் பெரியவர் பெயர் காலி. ஒன்றல்ல, வரிசையாக. எல்லாம் ஒரே ஆள் ஏற்றியவை. "கட்டாயக் கட்டத்தை வேண்டுமென்றே தவிர்த்தது ஏன்" என்று விளக்கம் கேட்டு அந்த அம்மாவுக்கு மெமோ போனது. அவர் எழுதிய பதில் ஒரே வரி: சிஸ்டம் ஏற்றுக்கொண்டது.

எங்கள் ஊரில் இதற்குப் பேர் "கோழி கூவிச்சு, பொழுது விடிஞ்சுது"-ரகப் பதில். யாரும் நம்பவில்லை. மென்பொருள் கம்பெனிக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மீட்டிங்கில் செய்தே காட்டினார். ஒரு மைனர் நாமினியின் பதிவைத் திறந்து, பெரியவர் பெயரை அழித்துவிட்டு, அப்டேட் என்பதைக் கிளிக்கினார். "ஆர் யூ ஷ்யூர்?" வந்தது. ஓகே. உடனே சிவப்பு எழுத்தில் "பெயரை நிரப்பவும்" என்று வந்து நின்றது. "பாருங்க சார், போகாது. அவங்க என்னமோ குறுக்கு வழி கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். மேலிடம் தலையாட்டியது.

எனக்கு மட்டும் உறுத்தல். 58 வயதில், உள்ளூர் கிளையில் உட்கார்ந்துகொண்டு, சிஸ்டத்தை ஏமாற்றுகிற குறுக்கு வழியைக் கண்டுபிடித்து, அதை வைத்து ஒரு கட்டத்தைக் காலியாக விட ஒருத்தருக்கு என்ன லாபம்?

போன் போட்டேன். அவர் இந்தியும் என் இந்தியும் சேர்ந்து ஒரு மாதிரி ஓடியது. "மேடம், அந்தக் கட்டத்தை ஏன் காலியா விட்டீங்க?" என்றேன்.

"சார், பேப்பர் ஃபாரத்திலேயே அந்த இடம் காலி. நான் யார் பேரைப் போடறது? சிஸ்டம் தடுக்கும், தடுத்தா அந்த ஃபாரத்தை எடுத்துத் தனிக் கட்டா வெச்சு, கஸ்டமரைக் கூப்பிட்டு எழுதி வாங்கலாம்னுதான் ஆரம்பத்திலேர்ந்து செஞ்சுக்கிட்டிருந்தேன். முதல் ரெண்டு வாரம் அப்படித்தான் ஒரு கட்டு சேர்ந்துச்சு. அப்புறம் தடுக்கவே இல்ல. வேண்டாம்னு எடுத்துட்டாங்க போலன்னு நினைச்சேன்."

முதல் இரண்டு வாரம். இந்த இடத்தில்தான் பி.காம் மூளை விழித்துக்கொண்டது. டேலி ஆகாத கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது, எந்தத் தேதி வரைக்கும் டேலி ஆச்சு என்பதைத்தான். இந்தியா முழுக்க எல்லாக் கிளைகளிலிருந்தும் மைனர் நாமினி பதிவுகளைத் தேதிவாரியாக எடுக்கச் சொன்னேன். ஒரு குறிப்பிட்ட திங்கட்கிழமைக்கு முன்னால் பெயர் காலியான பதிவு ஒன்றுகூட இல்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஒடிசா மட்டுமில்லை, எல்லா மாநிலத்திலும் இருந்தது. அந்த அம்மாவின் கிளைக்கு ஆடிட் முதலில் வந்தது, அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை என்ன நடந்தது? "கை தவறி சேமி பொத்தான் அமுங்கிவிடுகிறது" என்று சில கிளைகள் புகார் சொன்னதால், "ஆர் யூ ஷ்யூர்?" என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே வரி மாற்றம். சின்ன மாற்றம் என்று சொல்லி டெஸ்டிங்குக்கே அனுப்பாமல் நேராக லைவில் ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் டீமில் ஒரு புனேக்காரப் பையன், விவரமானவன். அவனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த அம்மா பார்த்த அதே திரையைத் திற" என்றேன். அப்போதுதான் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. கம்பெனிக்காரர் காட்டியது திருத்துகிற திரை. அந்த அம்மா வேலை செய்தது புதிதாக ஏற்றுகிற திரை. திருத்தும் திரையில் அப்டேட் என்பது அடிக்கோடிட்ட நீல நிற இணைப்பு. புதிய திரையில் சேமி என்பது சாம்பல் நிறப் பொத்தான். புதிய திரையில் பெயரைக் காலியாக விட்டு சேமியை அமுக்கினோம். "ஆர் யூ ஷ்யூர்?" ஓகே. சிஸ்டம் வாங்கிப் போட்டுக்கொண்டு, அடுத்த வாடிக்கையாளருக்கு வெற்றுப் படிவத்தைத் திறந்து நீட்டியது. ஒரு முணுமுணுப்பு இல்லை.

இனிமேல்தான் டெக்னிக்கல். காபி ஏதாவது குடித்துவிட்டு வாருங்கள்.

அந்த மென்பொருள் மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதியது. 2002-ல் வந்த சங்கதி. அதில் வேலிடேட்டர் என்று சில கண்ட்ரோல்கள் உண்டு. இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, இந்த எண் இதற்குள்தான் இருக்க வேண்டும் என்று காவல் காக்கிற ஆசாமிகள். புரோகிராமர் அதைப் பக்கத்தில் போட்டால் போதும், தடுக்கிற ஜாவாஸ்கிரிப்டை அதுவே எழுதிக்கொள்ளும். வசதி. ஆனால் அந்த ஸ்கிரிப்டை அது எங்கே எழுதுகிறது என்பதில்தான் சூட்சுமம்.

வேலிடேட்டரே இல்லாத பக்கத்தில் ஒரு பொத்தானை வைத்தால், உலாவிக்கு வந்து சேருவது வெறும் பொத்தான்தான். அமுக்கினால் படிவம் போகும். பக்கத்தின் வேறொரு மூலையில் ஒரு வேலிடேட்டரைச் சேர்த்துப் பாருங்கள். பொத்தானை யாரும் தொடவே இல்லை, ஆனால் அதன் ஆன்கிளிக்கில் ஒரு நீளமான ஸ்கிரிப்ட் தானாக முளைத்திருக்கும். வெப்ஃபார்ம் டூ போஸ்ட்பேக் வித் ஆப்ஷன்ஸ் என்று அதற்குப் பேர். படித்து முடிப்பதற்குள் பேலாப்பூரில் ஏறியவர் நெரூலில் இறங்கிவிடலாம். எல்லாக் கட்டத்தையும் சரிபார், ஒன்று தப்பானாலும் படிவத்தைப் போக விடாதே என்பதுதான் அது செய்கிற வேலை.

இப்போது புரோகிராமர் தன் பங்குக்கு "ஆர் யூ ஷ்யூர்?" கேட்க வேண்டும் என்றால், ஆன்கிளையன்ட்கிளிக் என்ற இடத்தில் "ரிட்டர்ன் கன்ஃபர்ம்" என்று எழுதுவார். இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கிற வரி அது. ஓகே என்றால் ட்ரூ, கேன்சல் என்றால் ஃபால்ஸ் திரும்பி வரும். ஃபால்ஸ் வந்தால் படிவம் போகாது. கச்சிதமான ஏற்பாடு மாதிரித்தான் தெரியும்.

ஆனால் பொத்தானை உருவாக்கும்போது, புரோகிராமர் எழுதியதை முன்னாலும், தானாக முளைத்த சரிபார்ப்பு ஸ்கிரிப்டைப் பின்னாலும் வைத்து ஒரே வரியாகத் தைத்துவிடுகிறது வெப் ஃபார்ம்ஸ். வங்கிக்காரனுக்கு ரிட்டர்ன் என்றால் செக் திரும்புவது. ஜாவாஸ்கிரிப்டில் ரிட்டர்ன் என்றால் "என் வேலை இத்துடன் முடிந்தது". அதற்குப் பின்னால் எழுதியிருக்கிற எதையும் உலாவி படிக்காது. வவுச்சரில் மேலே பின் அடித்த சீட்டிலேயே "முற்றும்" என்று எழுதிவிட்டால் கீழ்ச் சீட்டை யார் புரட்டுவார்கள்?

ஆக, கேன்சல் கொடுத்தால் படிவம் நிற்கும். ஓகே கொடுத்தால் ட்ரூ திரும்பும், படிவம் நேரே போய்விடும். சரிபார்க்கிற ஸ்கிரிப்ட் பின்னால் அப்படியே இருக்கிறது. வலது கிளிக் செய்து வியூ சோர்ஸ் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து தெரிகிறது. ஓடத்தான் வாய்ப்பே இல்லை.

அப்படியானால் திருத்தும் திரையில் மட்டும் எப்படித் தடுத்தது? அங்கே இருந்தது லிங்க் பட்டன். லிங்க் பட்டனில் தையல் வேறு. புரோகிராமர் எழுதியது ஆன்கிளிக்கில் உட்காரும். சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் இணைப்பின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் உட்காரும். ஆன்கிளிக் ட்ரூ என்று திருப்பினால், உலாவி அடுத்து அந்த முகவரிக்குப் போகும், அதாவது சரிபார்ப்பு ஸ்கிரிப்டுக்கே போகும். புரோகிராமர் இரண்டு திரையிலும் எழுதியது அதே வரி. ஒன்றில் காவல்காரர் விழித்திருந்தார், மற்றதில் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். கம்பெனிக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் காட்டிய கதவு பூட்டித்தான் இருந்தது.

"சரி, உலாவியில் தப்பினாலும் சர்வரில் பிடிக்க வேண்டாமா?" என்று கேட்கிறீர்கள்தானே? சபாஷ். புனேக்காரப் பையனும் அதைத்தான் கேட்டான். வெப் ஃபார்ம்ஸ் சர்வரிலும் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்கிறது. உண்மைதான். ஆனால் சரிபார்த்து, "பேஜ் ஈஸ்வேலிட்" என்ற இடத்தில் ஆமாம் அல்லது இல்லை என்று குறித்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. இல்லை என்று குறித்திருந்தாலும் பொத்தானுக்கான புரோகிராம் ஓடத்தான் செய்யும். அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுச் சேமிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது புரோகிராமர். இங்கே அவர் பார்க்கவில்லை. சேமித்துவிட்டு அடுத்த வெற்றுப் படிவத்துக்குத் தாவச் சொல்லியிருந்தார். அதனால் பிழைச் செய்தி திரையில் வருவதற்குக்கூட இடமில்லை.

முன்பு உலாவியில் இருந்த தடுப்பு வேலை செய்துகொண்டிருந்ததால், சர்வரில் ஆளே இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. கவுண்டரில் கண்டிப்பான கிளார்க் இருக்கிற வரைக்கும், பாஸ் பண்ணுகிற ஆபீசர் வவுச்சரைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்பது வெளியே வராது இல்லையா, அந்த மாதிரி. மேக்கர், செக்கர் என்று இரண்டு பேரை வங்கிகள் வைப்பதே ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடிக்கத்தான். இங்கே மேக்கரின் வாயை அடைத்தது ஒரு கேள்வி. செக்கரோ முதலிலிருந்தே வேலைக்கு வரவில்லை.

திருத்தம் சுலபம். "ரிட்டர்ன் கன்ஃபர்ம்" என்பதற்குப் பதிலாக, கேன்சல் கொடுத்தால் மட்டும் ஃபால்ஸ் திருப்பு, இல்லாவிட்டால் ஒன்றும் திருப்பாமல் அடுத்த வரிக்குப் போ என்று எழுத வேண்டும். அதைவிட நல்லது, முதலில் எல்லாக் கட்டத்தையும் சரிபார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் "ஆர் யூ ஷ்யூர்?" கேட்பது. பாதி காலியான படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிச்சயமா என்று கேட்பதில் என்ன அர்த்தம்? கூடவே, சர்வரில் ஈஸ்வேலிட் பார்க்காமல் எதையும் சேமிக்காதே என்று ஒரு வரி. மூன்றையும் எழுதி என் குறிப்போடு மேலே அனுப்பினேன். தேதிவாரிப் பட்டியலையும், இரண்டு திரைகளின் வியூ சோர்ஸ் பிரிண்டையும் சேர்த்தே அனுப்பினேன். கூடவே, மெமோவை வாபஸ் வாங்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் தனியாக எழுதினேன்.

மென்பொருளை இரண்டு நாளில் திருத்தினார்கள். மெமோவைத் திரும்பப் பெற இரண்டு மாதம் ஆனது :-( அது ஸ்கிரிப்ட் இல்லையே, ஃபைல்.

அந்த அம்மா மட்டும் அதற்காகக் காத்திருக்கவில்லை. தான் ஏற்றிய படிவங்களில் காலியாக இருந்தவற்றை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கூப்பிட்டுப் பெயர் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். "யாராவது செஞ்சுதானே ஆகணும் சார்" என்றார் போனில். மற்ற கிளைகளுக்கு நாங்கள் பட்டியல் அனுப்பிச் செய்யச் சொன்னோம். கிடைக்காதவர்கள், முகவரி மாறியவர்கள் என்று அது இழுத்துக்கொண்டே போனது. நாங்கள் போவதற்குள் யாருடைய வீட்டிலாவது அந்தக் காலிக் கட்டத்துக்கு வேலை வந்துவிடக் கூடாதே என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த பயம்.

"வெப் ஃபார்ம்ஸ் எல்லாம் பழங்கதை சார்" என்பீர்கள். புது டாட் நெட் கோர் 2016-ல் வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதில் வெப் ஃபார்ம்ஸைச் சேர்க்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பழைய டாட் நெட் ஃபிரேம்வொர்க்கில் அது இன்றும் ஓடுகிறது. ஆபீஸ்களின் உள்ளே ஓடுகிற மென்பொருள்கள் அவ்வளவு சீக்கிரம் ரிடையர் ஆவதில்லை. புதுசுக்குப் போனாலும் கதை ரொம்ப மாறிவிடவில்லை. எச்.டி.எம்.எல். 5-ல் ரிக்வயர்ட் என்று எழுதினால் உலாவியே தடுக்கும். ஆனால் பொத்தானின் கிளிக்கில் கன்ஃபர்ம் வைத்தால், அந்தக் கேள்விதான் முதலில் வரும், சரிபார்ப்பு அதற்கப்புறம். பொத்தானை விட்டுவிட்டு ஸ்கிரிப்டிலிருந்து சப்மிட் என்று படிவத்தை நேரடியாக அனுப்பினால், உலாவி எதையும் சரிபார்க்காமலே அனுப்பிவிடும். ரிக்வெஸ்ட் சப்மிட் என்று அனுப்பினால்தான் சரிபார்க்கும்.

அதனால் பொட்டி தட்டுகிற தம்பி தங்கைகளுக்கு இந்த அண்ணனின் வேண்டுகோள்: பொத்தானில் ஒரு வரி சேர்த்தால், சரியாக நிரப்பி ஒரு தடவை, தப்பாக நிரப்பி ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். தப்பாக நிரப்பியதும் உள்ளே போய்விட்டால் வியூ சோர்ஸைத் திறந்து, நீங்கள் எழுதிய வரிக்குப் பின்னால் என்ன தைத்திருக்கிறது என்று படியுங்கள். "சிஸ்டம் ஏற்றுக்கொண்டது" என்று கவுண்டரிலிருந்து யாராவது சொன்னால், மெமோ அடிப்பதற்கு முன்னால் அவர் பார்த்த அதே திரையில் உட்காருங்கள்.

மற்றவர்களுக்கு வேறு வேண்டுகோள். உங்கள் டெபாசிட்டில் நாமினி யார் என்று கிளைக்குப் போய்க் கேளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். அதில் குழந்தை யாராவது இருந்தால், குழந்தைக்காக வாங்கிக்கொள்ளப் போகிற பெரியவரின் பெயர் சிஸ்டத்தில் ஏறியிருக்கிறதா என்று திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கவுண்டரில் இருப்பவர் கொஞ்சம் முறைப்பார். பரவாயில்லை, பேலாப்பூர்க்காரன் சொன்னான் என்று சொல்லுங்கள்.

டிஸ்கி: எந்த வங்கி, எந்தக் கம்பெனி என்று தனி மடலில் கேட்க வேண்டாம். எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.